அந்தோணிசாமி அண்ணன் தொலைக்காத கடிதம்

தம்பி, அம்மா உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், இதை யாரிடமும் காட்டாதே. உன்னோடு அறையில் தங்கியிருக்கும் பையன்களிடம் வேண்டாம். உன் வலைப்பூவில் உன்னோடு சேர்ந்து எழுதுகிற அந்தப் பெண்ணிடம் வேண்டாம். முக்கியமாக, படித்த வேகத்தில் போனை எடுத்து உன் அப்பாவிடம் ஒரு வார்த்தையும் கேட்டுவிடாதே. உறை என்ன இவ்வளவு கனமாக இருக்கிறது என்று பார்த்திருப்பாய். உள்ளே இன்னொரு உறை இருக்கிறது. அதை இப்போது பிரிக்காதே. பிரிக்க வேண்டிய இடம் வரும்போது நானே சொல்கிறேன்.

என் சமூக அறிவியல் நோட்டைப் பின்பக்கமிருந்து திருப்பி வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். நாற்பத்தைந்து வயதில் பத்தாவது பரீட்சைக்குப் படிக்கிறவளுக்கும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் தந்திரமெல்லாம் தானாக வந்துவிடுகிறது. வாசலில் சத்தம் கேட்டால் நோட்டைத் திருப்பினால் போதும், ஐரோப்பா வரைபடம் வந்துவிடும். உன் அப்பாவுக்கு இந்த வாரம் இரண்டு மணி ஷிப்ட். பத்துக்கு முடிந்து, ரெட்டிபாளையம் சிமெண்டு ஃபேக்டரியிலிருந்து சைக்கிள் மிதித்து வந்து சேரப் பத்தரை ஆகும். நேற்றும் இப்படித்தான் உட்கார்ந்தேன். "அன்புள்ள" என்பதைத் தாண்டவில்லை. எட்டாவது படிக்கும்போது ஒருமுறை ஹெட்மாஸ்டர் அறைக்கு வெளியே நிற்க வைத்தார்கள். இப்போதும் அந்த வாசலில் நிற்பது போலத்தான் இருக்கிறது. அன்று என்ன தப்பு செய்தேன் என்பது மறந்துவிட்டது. இந்தத் தப்பு ஏழு வருடமாக ஒரு நாளும் மறக்கவில்லை.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் வலைப்பூவுக்கு ஒரு வயது ஆனதற்கு நீ எழுதியிருந்தாயே, "நான் ஏன் எழுத வந்தேன்" என்று, அதில் ஒரு வரி பொய். நீ தெரிந்து எழுதவில்லை. அந்தப் பொய் என்னுடையது. புதன்கிழமை அது வாரப் பத்திரிகையில் அச்சேறப் போகிறது என்று சொன்னாய். அதற்குள் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்கிறேன். அதை எழுதினால் மீதியும் எழுத வந்துவிடும் போலிருக்கிறது. உன் வலைப்பூவை நான் முதன்முதலில் பார்த்த கதையை உனக்குச் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை அரியலூரில் டுடோரியல் முடிந்ததும் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் பிரவுசிங் சென்டருக்குப் போய், நீ சீட்டில் எழுதிக் கொடுத்த முகவரியைக் காட்டினேன். அங்கிருந்த பெண் தட்டிக் கொடுத்தாள். திரை முழுக்கக் கட்டம் கட்டமாக வந்தது. எழுத்தே இல்லை, வெறும் கட்டங்கள். நான் அதையே பார்த்துக்கொண்டு அரை மணி உட்கார்ந்திருந்தேன். கம்ப்யூட்டர்காரர்கள் இப்படித்தான் எழுதுவார்கள் போலிருக்கிறது, பத்தாவது பாஸ் பண்ணினால் புரியும் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பெண் வந்து பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அம்மா, இது எழுத்தே இல்லீங்க. இந்த மிசின்ல தமிழ் ஃபான்ட் போடல. வாங்க, அந்தக் கடைசி மிசின்ல ஒக்காருங்க." கடைசி மெஷினில் நீ வந்தாய். உன் முதல் கட்டுரை என்ன தெரியுமா? "கணினியில் தமிழ் தெரியவில்லையா? இப்படிச் செய்யுங்கள்." தெரியாதவன் அதை எப்படியடா படிப்பான் என்று நான் அன்றைக்கு ராத்திரி போனில் கேட்டேன். மறுவாரம் பார்த்தால், அதே கட்டுரையைப் படமாக்கி மேலே போட்டு, "இந்தத் தவற்றைச் சுட்டியவர்: என் அம்மா" என்று கீழே எழுதியிருந்தாய். அந்த ஒரு வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்பது அந்தப் பெண்ணுக்குத்தான் தெரியும்.

உன்னுடைய அந்த வழக்கம்தான் உன்னிடம் எனக்கு ரொம்பப் பிடித்தது. தவறாக எழுதிவிட்டால் நீ அழிப்பதில்லை. தவறான வரியின் மேல் ஒரு கோடு போடுகிறாய், அது தெரியும்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, யார் சொன்னார்கள் என்று பெயரும் போடுகிறாய். அப்படித் திருத்தியதையெல்லாம் ஒரு பக்கத்தில் சேர்த்து, அதற்கு "காலண்டருக்குப் பின்னால்" என்று பெயர் வைத்திருக்கிறாய். ஏன் இந்தப் பெயர் என்று எத்தனையோ வாசகர்கள் கேட்டுவிட்டார்கள். நீ யாருக்கும் சொல்லவில்லை. எனக்கும் உன் அப்பாவுக்கும் மட்டும் தெரியும்.

நீ பத்தாவது முடித்த லீவு அது. அரியலூர் எஸ்.டி.டி. பூத்தில் சென்னையிலிருக்கும் உன் மாமாவிடம் பேசப் போகும்போதெல்லாம் நீ கையில் வாட்ச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். ஒரு நாள் காலையில் ஒரு நிமிடம் பேசினோம், இன்னொரு நாள் ராத்திரி ஒரு நிமிடம் பேசினோம். மீட்டர் ஒரே மாதிரி ஓடவில்லை. உடனே அந்தக் கம்ப்யூட்டர் மாத இதழுக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டுவிட்டாய், பூத் மீட்டரில் தில்லுமுல்லு நடக்கிறது என்று. அவர்களும் வாசகர் பக்கத்தில், ஊர்ப் பெயரோடு போட்டுவிட்டார்கள். பூத்காரர் பத்திரிகையைச் சுருட்டிக்கொண்டு நம் வீட்டுக்கே வந்துவிட்டார். "ஏங்க, போர்டப் படிக்காம எழுதிப்புட்டான் உங்க மவன். ராத்திரில ரேட்டு கம்மி, பகல்ல கூட, அவ்வளவுதான். எங்கடையில இனிமே யாருங்க வந்து பேசுவாங்க?" என்று கத்தினார். உன் அப்பா உன்னை அடிக்கவில்லை. "வாட்ச எடுத்துக்கிட்டு வாடா" என்றார். சாயங்காலத்திலிருந்து ராத்திரி பூத் சாத்தும்வரை உன்னை அங்கே பெஞ்சில் உட்கார வைத்து, வருகிறவர் போகிறவர் பேசுவதையெல்லாம் கணக்குப் பார்க்க வைத்தார். கடைசியில் அப்பாவே எழுந்து சுவரில் தொங்கிய பெரிய சாமி காலண்டரைக் கொஞ்சம் நகர்த்தினார். பின்னால் ரேட்டு போர்டு இருந்தது, எந்த நேரத்துக்கு எவ்வளவு என்று அத்தனையும் எழுதி.

"காலண்டர நவுத்திப் பாத்தியாடா?"

"இல்லப்பா."

"பாக்காம எழுதுவியா?"

"போர்டு மேல காலண்டர மாட்டுனது அவரு தப்புதானப்பா?"

"மாட்டுனது அந்தாளு தப்பு. நவுத்திப் பாக்காதது ஒந்தப்பு. ஒந்தப்ப நீதான் திருத்தி எழுதணும். வேற எவன் எழுதுவான்?"

நீ அழுதுகொண்டே இரண்டாவது கார்டு எழுதினாய். அதையும் அந்த இதழ் போட்டது. "தான் எழுதியது தவறு என்று தானே எழுதிய வாசகர்" என்று ஆசிரியர் கீழே ஒரு குறிப்பு எழுதியிருந்தார். உன் எழுத்து அங்கேதான் தொடங்கியது என்று நான் எப்போதும் நினைப்பேன், முதல் கார்டில் அல்ல, இரண்டாவது கார்டில். உன்னைப் பத்திரிகைக்காரனாக்கியது மூட்டை தூக்குகிற ஒரு மனிதன். அந்த மனிதனைத்தான் நான் ஏழு வருடமாக ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன்.

ஃபேக்டரிக்காரர்கள் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு நம் மேட்டுக்காட்டை எடுத்த கதை உனக்குத் தெரியும். நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு நிரந்தர வேலை என்றார்கள். உன் அப்பாவுக்கு வயது தாண்டிவிட்டது என்று சொல்லி, அந்த வேலையை உன் பெயரில் எழுதி வைத்தார்கள். அவர் காண்ட்ராக்ட் ஆளாகப் போய் மூட்டை ஏற்றினார். "அவன் படிச்சி முடிச்சி உள்ள போயிட்டான்னா நான் வெளில வந்துருவேன்" என்று சொல்லிக்கொண்டே ஏற்றினார். வந்ததும் குளிப்பார், குளித்த தண்ணீர் சாம்பல் நிறத்தில் ஓடும். இருமுவார். நீ காலேஜ் போன மூன்று வருடமும் அந்த இருமலைக் கேட்டுக்கொண்டேதான் படித்தாய். அப்பா சொன்னால் நீ மறுபேச்சுப் பேசாமல் ஃபேக்டரிக்குள் போயிருப்பாய் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

இரண்டாயிரமாவது வருடம், நீ டிகிரி முடித்த அந்த ஜூலை மாதம். பால்வாடியில் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு நான் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தேன். தபால்கார அந்தோணிசாமி அண்ணன் சைக்கிளைச் சாத்திவிட்டு வந்தார். "தங்கச்சி, இன்னிக்கு ஒங்கூட்டுக்கு ரெட்டைத் தபாலு. ஒண்ணு கவரு, ஒண்ணு கார்டு. ரெண்டும் தம்பிக்குத்தான்" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார். கார்டு அந்த இதழிலிருந்து வந்தது. இரண்டாவது கார்டு எழுதிய பையனை ஆசிரியர் மறக்கவில்லை. நீ வேலை கேட்டு எழுதியதற்கு, ஒரு மாதம் வந்து ப்ரூஃப் பார், பிறகு பார்க்கலாம் என்று இரண்டே வரி. கவர் பழுப்பு நிறம், ஃபேக்டரியிலிருந்து. பதினைந்து நாளுக்குள் சர்டிபிகேட்டோடு வந்து சேர வேண்டும், தவறினால் வேலை அடுத்தவருக்குப் போகும் என்று இருந்தது.

கார்டை உன்னிடம் கொடுத்தேன். கவரைச் சத்துமாவு டின்னுக்கு அடியில் வைத்தேன்.

இப்போது பிரி தம்பி, உள்ளே இருக்கும் உறையை. அதுதான். பின்பக்கம் பார், நம் ஊர்த் தபாலாபீஸ் முத்திரை வட்டமாக இருக்கும். நீ ஆதாரம் இல்லாமல் எதையும் நம்பமாட்டாய், அதனால்தான் ஏழு வருடமாகக் கிழிக்காமல் வைத்திருந்தேன் என்று சொன்னால் அதுவும் பொய். கிழிக்கத் துணிச்சல் இல்லை, அவ்வளவுதான்.

மறுநாள் அண்ணன் வரும் வழியில் போய் நின்றேன். "அண்ணே, அவரு கேட்டா ஃபேக்டரி தபாலு வரலன்னு சொல்லிடுங்கண்ணே" என்றேன். அவர் சைக்கிளிலிருந்து இறங்கவே இல்லை, ஒரு காலை ஊன்றிக்கொண்டு என்னையே பார்த்தார். "எம் பையில வந்த தபால வரலன்னு என்னால சொல்ல முடியாது தங்கச்சி. அது மட்டும் கேக்காத. யாராச்சும் கேட்டா வாயத் தொறக்காம இருக்கேன். அது என்னால முடியும்." அப்படியே இருந்தார். நீ சென்னைக்கு பஸ் ஏறி ஒரு மாதம் கழித்து, உன் வேலை அடுத்தவருக்குப் போய்விட்டது உன் அப்பாவுக்குத் தெரிந்தது. ஃபேக்டரி ஆபீஸில் போய்ச் சண்டை போட்டார். அனுப்பிவிட்டோம், கெடு தாண்டிவிட்டது என்றார்கள். நேரே தபாலாபீஸ் வாசலுக்கு வந்து, பென்ஷன் வாங்க வந்த கூட்டத்துக்கு முன்னால், "எங்கய்யா எங்கூட்டுத் தபாலு? எம்மவன் பொழப்ப எந்தக் கிணத்துலய்யா போட்ட?" என்று கேட்டார். அண்ணன் வாயைத் திறக்கவில்லை. கையிலிருந்த முத்திரையை மையில் தொட்டுத் தொட்டுக் குத்திக்கொண்டே இருந்தார். வீட்டுக்கு வந்து உன் அப்பா என்னிடம் சொன்னது: "பாத்தியா, ஒரு வார்த்த பேசல. தொலைச்சவன் எப்படிப் பேசுவான்?" நான் சோறு போட்டேன்.

அன்றிலிருந்து உன் அப்பா அவர் கையால் தபால் வாங்கியதில்லை. உன் இதழ் மாதாமாதம் வரும். அண்ணன் அதைப் பால்வாடியில் கொண்டுவந்து என்னிடம் கொடுப்பார். ஒவ்வொரு மாதமும் உறையின் ஓரம் கிழிந்திருக்கும். "பிரிச்சுப் பாக்கல தங்கச்சி, வர்றப்பவே கிழிஞ்சிருந்துச்சு. தம்பி பதினேழாம் பக்கத்துல எழுதிருக்கான்" என்பார். ராத்திரி சாப்பிடும்போது உன் அப்பா, "மவன் இந்த மாசம் என்ன சொல்றான்?" என்பார். நான் வாசித்துக் காட்டுவேன். மறுநாள் மூட்டை ஏற்றுகிற இடத்தில் அவர், "ராத்திரி பூரா சார்ஜ்ல போடாதீங்கடா, எம்மவன் வேணாங்கிறான்" என்று சொல்லிக்கொண்டிருப்பாராம். அந்த இடத்தில் அப்போது யாரிடமும் செல்போனே கிடையாது.

ப்ரூஃப் பார்க்கப் போனவன் துணையாசிரியன் ஆனாய். ஒரு கம்பெனிக்காரர்கள் புதுப் போனை உனக்கே வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பியதையும், பார்த்து எழுதிவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டேன் என்று நீ சாதாரணமாகச் சொன்னதையும் நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! கையில் பிடித்துப் பார்க்காமல் எழுதமாட்டேன், இரண்டு பேரிடம் கேட்காமல் போடமாட்டேன் என்று நீ சொல்வாய். இதழ் நின்றுபோனபோது, வேறு வேலை தேடாமல் சொந்தமாக வலைப்பூ தொடங்கப் போகிறேன் என்றாய். உன் அப்பா, "அதுல என்னடா விக்கிறது?" என்று கேட்டார். "ஒண்ணும் விக்கலப்பா, கேக்குறவங்களுக்குப் பதில் சொல்றது" என்றாய். அவர், "சரி, பாத்து சொல்லு" என்றார். நம் ஊரே அரியலூர் மாவட்டம் ஆகி, மறுபடி பெரம்பலூர் மாவட்டம் ஆகித் தடுமாறிய காலத்தில், நீ மட்டும் ஒரே விலாசத்தில் நின்றாய். இன்றைக்கு ஆண்டிமடத்திலிருந்தும் பாடாலூரிலிருந்தும்கூட உன்னிடம் கேள்வி கேட்டு எழுதுகிறார்கள். முந்திரிக்கொட்டை வியாபாரி ஒருவர், வாங்கிய கம்ப்யூட்டரைக் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று எழுத, நீ அவரை எந்தெந்தத் தாளைக் கேட்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிக் கொடுத்து மாற்றி வாங்க வைத்தாயே, அதைப் படித்துவிட்டு நான் பஸ்ஸில் வரும்போது தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

அப்படிப்பட்ட நீதான் எழுதினாய்: "எங்கள் ஊர்த் தபால்காரர் ஒருவர் ஒரு கடிதத்தைத் தொலைத்தார். அதனால் நான் சிமெண்டு ஆலைக்குப் போகாமல் பத்திரிகைக்கு வந்தேன். அந்தச் சோம்பேறிக்கு என் நன்றி." படிக்க வேடிக்கையாகத்தான் இருந்தது. கீழே வாசகர்களெல்லாம் சோம்பேறித் தபால்காரர் வாழ்க என்று எழுதியிருந்தார்கள். நான் சிரிக்கவில்லை. பிரவுசிங் சென்டர் பெண் வந்து, "என்னம்மா, மறுபடி கட்டம் கட்டமா வருதா?" என்று கேட்டாள். இல்லை, எழுத்து நன்றாகத் தெரிகிறது என்று சொன்னேன்.

யாரோ அதை அச்செடுத்து வந்து நம் பஸ் ஸ்டாப் டீக்கடையில் ஒட்டிவிட்டார்கள். ஊர்ப் பிள்ளை பெரிய ஆளாகிவிட்டான் என்ற சந்தோஷத்தில் ஒட்டியதுதான், கெட்ட எண்ணம் இல்லை. தபாலாபீஸில் இப்போது அண்ணனுடைய மகள் ஸ்டெல்லா வேலை பார்க்கிறாள், உனக்குத் தெரியுமே. போன திங்கட்கிழமை மணியார்டர் வாங்க நின்ற ஒருவர் என் காதுபட அவளிடம், "பாத்து குடு தாயி, அப்பன் மாரி நீயும் தொலைச்சிப்புட்டு, எவனாச்சும் பெரியாளா ஆயிடப் போறான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் தலையை நிமிர்த்தவில்லை. அவள் அப்பாவைப் போலவே முத்திரையைக் குத்திக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் டீக்கடையில் அண்ணனைப் பார்த்தேன். ரிட்டயர்டு ஆன பிறகு அவர் அங்கேதான் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். ஒட்டியிருந்த தாளுக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். அவரே பேசினார். "படிச்சேன் தங்கச்சி. தம்பி நல்லா எழுதுறான். ஒரு எழுத்துப் பிழை இல்ல." அவ்வளவுதான். நீங்கள் ஏன் இன்னும் சொல்லாமல் இருக்கிறீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அவர் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். "முடியும்னு சொல்லிட்டேன்ல" என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது.

அதே ராத்திரி நீ போன் பண்ணி, வாரப் பத்திரிகையில் வரப்போகிறது, அப்பா போட்டோ ஒன்று அனுப்பு என்றாய். வலைப்பூ என்றால் தெரிந்தவர்கள்தான் படிப்பார்கள். வாரப் பத்திரிகை பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு கடையில் கிளிப் போட்டுத் தொங்கும். ஸ்டெல்லாவுக்கு வரன் பார்க்கிறார்கள். பார்க்க வருகிறவன் கையிலும் அது இருக்கும். உன்னிடம் போனில் சொல்ல இரண்டு தடவை முயன்றேன். ஒரு தடவை சாப்பிட்டியா என்று கேட்டேன், இன்னொரு தடவை மழை பெய்கிறதா என்று கேட்டேன்.

ஏன் செய்தேன் என்று நீ கேட்பாய். அப்பாவின் இருமல் உனக்கும் வரக்கூடாது என்று செய்தேன். அது பாதி. மீதியையும் சொல்கிறேன். எட்டாவதோடு என்னை நிறுத்தினார்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை. உன் கார்டைப் பார்த்தபோது, இந்த வீட்டிலிருந்து ஒருவராவது படித்த படிப்பின் பின்னாலேயே போகட்டும் என்று ஒரு வெறி வந்தது. அதனால் நானும் உன்னைக் கேட்கவில்லை. எனக்குச் செய்ததை நான் உனக்குச் செய்தேன். எனக்குக் கதவை அடைத்தார்கள், நான் உனக்குத் திறந்துவிட்டேன், அதனால் நல்லது என்று இத்தனை நாள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டு கடிதத்தையும் உன் முன்னால் வைத்திருந்தால் நீ எதை எடுத்திருப்பாய் என்பது இனி உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதை உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டது நான்தான். உன் அப்பா இந்த வயதிலும் மூட்டை ஏற்றுகிறாரே, அதுவும் என் கணக்கில்தான் வரும். நீ ஜெயித்துவிட்டாய் என்பதால் நான் செய்தது சரியாகிவிடாது. நீ தோற்றிருந்தால் மட்டும்தான் அது தப்பு என்று ஆகிவிடுமா?

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் அம்மாவாக இரண்டு வார்த்தை. போனைப் பற்றியும் மெஷினைப் பற்றியும் இரண்டு பேரிடம் கேட்கிறாய். உன் வீட்டுக் கதையை மட்டும் கேட்காமல் எழுதினாய், அப்பா சொன்னார் என்பதற்காக. வீட்டில் கேட்ட கதைக்கு முன்னாலும் ஒரு காலண்டர் தொங்கும் தம்பி, பெரும்பாலும் சாமி படம் போட்டதாகத்தான் இருக்கும், அதனால் நகர்த்த மனசு வராது. நகர்த்திப் பார். இன்னொன்று, பதில் பேசாமல் நிற்கிறவனைக் குற்றவாளி என்று எழுதிவிடாதே. அவன் வேறு யாருக்காகவோ வாயை மூடிக்கொண்டு நிற்கலாம். நாளைக்கு உன் கல்யாணம் என்று வந்தால், பத்திரிகையை முதலில் வைக்க வேண்டிய வீடு எது என்று இப்போது உனக்குத் தெரிந்திருக்கும்.

அந்த வரியின் மேல் கோடு போடு. பக்கத்தில், கடிதம் தொலையவில்லை, வந்த அன்றே வீட்டாரிடம் கொடுக்கப்பட்டது என்று எழுது. வாரப் பத்திரிகைக்கும் திருத்தியதையே கொடு. இதைச் சொன்னது யார் என்று போட வேண்டாம், பெயர் சொல்ல விரும்பாத வாசகர் என்று போடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்காகத்தான் முதல் வரியிலேயே யாரிடமும் காட்டாதே என்று கெஞ்சினேன். இவ்வளவு எழுதிய பிறகு அது எனக்கே கேவலமாக இருக்கிறது. பெயரைப் போடாவிட்டால், மகன் பரிதாபப்பட்டு மாற்றி எழுதிவிட்டான் என்றுதான் ஊர் சொல்லும். அண்ணன் பேர் பாதிதான் திரும்பும். போன தடவை போட்டாயே, "இந்தத் தவற்றைச் சுட்டியவர்: என் அம்மா" என்று, இந்தத் தடவையும் அப்படியே போடு. சுட்டியவர் மட்டும் போதாது, செய்தவரும் என்று போடு. முதல் வரியை நான் அழிக்கவில்லை. உன் வழக்கப்படி அதன் மேல் ஒரு கோடு போட்டிருக்கிறேன், பார்.

நாளைக் காலையில் இதைத் தபாலாபீஸில் ஸ்டெல்லா கையில்தான் கொடுக்க வேண்டும். அவள் முத்திரை குத்தும்போது நான் எதிரே நிற்பேன். உன் அப்பா இதை டீக்கடைச் சுவரில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. அதனால் அதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவேன், அவர் வந்து குளித்து, சாப்பிட்டு முடித்ததும், இல்லை, சாப்பிடும் முன்னாலேயே

கதவைத் தட்டுகிறார். இரண்டு தட்டு, ஒரு இருமல். "இந்தா புள்ள, தூங்கிட்டியா? பாடம் முடிஞ்சிச்சா இல்லியா?" என்கிறார். கை தானாக நோட்டை ஐரோப்பா பக்கம் திருப்பப் போய்விட்டது தம்பி. திருப்பவில்லை. விரித்தபடியே விளக்குக்கு அடியில் வைத்துவிட்டு, தாழ்ப்பாளை எடுக்கப் போகிறேன்.